மார்பிலே கேமரா, சாவி யார் கையிலே?

இரவு பதினொரு மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாவது ஷிப்டு விட்டு உழைப்பாளி வீடு திரும்புகிறான். எட்டு மணி நேரம் லேத்தின் முன் நின்ற கால். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டை. பையிலே காலி டிபன் டப்பா. சி.டி.எச். ரோட்டில் இரும்புத் தடுப்பு. டார்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. "வண்டியை ஓரங்கட்டு!" என்று அதட்டுகிறவரின் மார்பில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதுதான் மார்புக் கேமரா.

"இனிமேல் ஜனங்களுக்குக் கவலை இல்லை. போலீஸ்காரர் என்ன பேசினார், என்ன செய்தார், எல்லாம் பதிவாகிவிடும். லஞ்சம் ஒழியும். அடிதடி ஒழியும்" என்று அதிகாரிகள் மார் தட்டுகிறார்கள். எந்தக் கட்சி கோட்டையில் உட்கார்ந்தாலும் இந்தப் பாட்டின் ராகம் மாறுவதில்லை.

கேமரா கூடாது என்று நாம் சொல்லவில்லை. இருட்டில் நடப்பது வெளிச்சத்துக்கு வரவேண்டும் என்று காலமெல்லாம் கத்தி வந்தவர்கள் நாம். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். பொத்தான் யார் விரலில் இருக்கிறது? பதிவு சேரும் பெட்டி யாருடைய அறையில் இருக்கிறது? அந்த அறையின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது? இந்த மூன்று கேள்விக்கும் "போலீஸ், போலீஸ், போலீஸ்" என்பதுதான் பதில் என்றால், அந்தக் கேமரா ஜனங்களின் கண் அல்ல. போலீசின் இன்னொரு லத்தி.

ஒரே கேமரா, இரண்டு புத்தி

நமது சங்கத்துக்கு வந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். மேற்குப் புறநகரில் ஒரு ஸ்டேஷன்; பெயர் இங்கே அவசியமில்லை. இரவு ஷிப்டு முடிந்து போன ஒரு தோழரை வழியிலே நிறுத்தினார்கள். "காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறதே, இன்னும் ஏன் நிற்க வைக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். கன்னத்தில் அறை விழுந்தது. பிறகு, சர்க்கார் ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக அவர் மேலேயே வழக்கு!

நாங்கள் நாலு பேர் மறுநாள் போனோம். "அடித்ததாகச் சொல்லப்படுகிறவர் மார்பில் கேமரா இருந்ததே. அதைப் போட்டுக் காட்டுங்கள். நமது தோழர் தப்புச் செய்திருந்தால் நாங்களே ஒப்புக்கொள்கிறோம்" என்றோம். வந்த பதில் என்ன தெரியுமா? "சார்ஜ் இறங்கிப் போயிற்று. அந்த நேரத்துக்குப் பதிவு இல்லை."

சரி என்று திரும்பினோம். பத்து நாள் கழித்து அதே தோழரின் போனுக்கு ஒரு அபராதச் சீட்டு வந்து சேர்ந்தது. ஹெல்மெட்டின் வார் மாட்டவில்லையாம். அதே இரவு, அதே இடம், படத்தோடு! அபராதம் போடுவதற்குச் சார்ஜ் இருந்த கேமராவுக்கு, அறை விழும்போது மட்டும் சார்ஜ் இறங்கிவிட்டது. இதை விஞ்ஞானத்தின் கோளாறு என்று நம்பச் சொல்கிறார்களா?

இந்தக் கருவியின் சூட்சுமத்தைத் தொழிலாளிக்கு விளக்க அதிக நேரம் தேவையில்லை. மெஷினோடு பழகியவன் அவன். மார்புக் கேமரா தானாகப் பதிவதில்லை. மாட்டியிருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் பதியும். வேலை முடிந்ததும் ஸ்டேஷனில் அதற்கென்று இருக்கும் கூட்டில் சொருகினால் பதிவு இறங்கிக் கம்ப்யூட்டரில் சேரும். எத்தனை நாள் வைத்திருப்பது, எப்போது அழிப்பது, யார் பார்ப்பது என்பதெல்லாம் மெஷின் முடிவு செய்வதல்ல. ஆள் முடிவு செய்வது. ஆகவே மெஷினைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆளைப் பற்றிப் பேசுவோம்.

உண்மையைச் சொன்னது யாருடைய கேமரா?

2020 ஜூன் 19. சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திவந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் குற்றம் சாட்டிப் போலீஸ் கொண்டுபோயிற்று. சில நாட்களுக்குள் தகப்பனும் மகனும் பிணமானார்கள். கடை வாசலில் அவர்களே தரையில் உருண்டு புரண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்று போலீஸ் எழுதி வைத்தது.

ஸ்டேஷனில் கேமரா இல்லையா? இருந்தது. பதிவு வைக்கப் பெட்டியில் இடம் இல்லையா? தாராளமாக இருந்தது. ஆனால் விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி மாஜிஸ்திரேட் என்ன கண்டார்? அன்றாடப் பதிவு அன்றாடமே அழிந்துபோகும்படி அந்தக் கருவியைத் திருகி வைத்திருந்தார்கள். ஜூன் 19 இரவின் பதிவு இல்லவே இல்லை. அப்படியானால் போலீஸ் சொன்ன கதையைப் பொய்யாக்கியது எது? கடைவீதியில் இருந்த கேமரா. உருளவும் இல்லை, புரளவும் இல்லை. ஜெயராஜ் தன் காலால் நடந்துபோனதை அது காட்டிற்று. உள்ளே நடந்ததைச் சொன்னது எது? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலரின் மனச்சாட்சி. சர்க்கார் கேமரா வாய் மூடிக் கிடந்தது. கடைக்காரன் கேமராவும் ஒரு மனுஷியின் நாக்கும்தான் பேசின.

ஐந்து வருஷம் கழித்து மறுபடியும் என்ன நடந்தது? 2025 ஜூன் மாதம். சிவகங்கை ஜில்லா திருப்புவனம் அருகே மடப்புரம் கோவில் காவலாளி அஜித்குமார், 27 வயது. ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காகப் பிடித்தார்கள். ஜூன் 28ந் தேதி அவர் உயிர் போயிற்று. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். அவரை அடித்ததைக் காட்டிய படம் எங்கிருந்து வந்தது? போலீஸ் கேமராவிலிருந்தா? இல்லை. கோவிலில் வேலை பார்த்த ஒருவர் மறைவாக நின்று தமது செல்போனில் எடுத்தது அது. அந்தச் சில விநாடிப் படம் இல்லாதிருந்தால், அஜித்குமாரும் வலிப்பு வந்து செத்தவர் என்று ஒரு காகிதத்தில் முடிந்திருப்பார்.

கடல் தாண்டியும் இதே கதைதான். 2020 மே 25ந் தேதி அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பு மனிதரின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார்கள். அங்கிருந்த போலீசார் மார்புக் கேமரா மாட்டியிருந்தவர்களே! அப்படியிருந்தும் போலீஸ் இலாகாவின் முதல் அறிக்கை அதை வைத்தியக் கோளாறாக வர்ணித்தது. அந்த அறிக்கையைக் கிழித்தெறிந்தது 17 வயதுப் பெண் ஒருத்தி நடைபாதையில் நின்று தன் போனில் எடுத்த படம்.

சாத்தான்குளம், மடப்புரம், மினியாபொலிஸ். மூன்று ஊரிலும் ஜனங்கள் கையில் இருந்த கேமராதான் பேசிற்று. இதிலிருந்து பாடம் படிக்காதவன் கண்ணிருந்தும் குருடன்.

பொத்தானை விட்டால் போலீஸ் கெட்டது

"கேமராவால் நன்மையே இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்டு. எப்போது என்பதுதான் விஷயம். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பல ஊர்ப் போலீஸ் படைகளில் சோதனை நடத்தி 2016ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஜனங்களிடம் பேச ஆரம்பித்தது முதல் கடைசி வரை கேமரா ஓடியே தீரவேண்டும் என்ற விதியைப் போலீசார் ஒழுங்காகக் கடைப்பிடித்த இடங்களில் பலாத்காரம் 37 சதவீதம் குறைந்தது. எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்று போலீசாரே தீர்மானித்த இடங்களில் பலாத்காரம் 71 சதவீதம் கூடிற்று. அதே கேமரா, அதே போலீஸ். பொத்தான் மேல் விதி இருந்தால் அடி குறைகிறது. பொத்தானை இஷ்டத்துக்கு விட்டால் அடி கூடுகிறது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நமது ஆட்சியாளர்களுக்கு விதி எழுதத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். அபராதம் வசூலிப்பதற்கு விதி ஜோராக எழுதியிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளில் 167அ என்று ஒன்றைச் சேர்த்தது. அதிலே மார்புக் கேமராவும் ஒரு கருவி. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அபராதம் தீரும் வரை பதிவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எவ்வளவு கறார், பார்த்தீர்களா? உழைப்பாளியின் சட்டைப் பையிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுப்பதற்குப் பதிவு பத்திரமாக இருக்க வேண்டும். அவன் கன்னத்தில் விழுந்த அறைக்குப் பதிவு வேண்டும் என்றால், சார்ஜ் இல்லை!

2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105வது பிரிவு, வீடு சோதனை போடும்போதும் பொருளைக் கைப்பற்றும்போதும் ஒலியும் ஒளியும் பதிவு செய்யச் சொல்கிறது. அதைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவும் சொல்கிறது. நல்லது. ஆனால் அது சோதனைக்கு மட்டுமே. ரோட்டில் நிறுத்துவதற்கு? ஊர்வலத்தைக் கலைப்பதற்கு? குடிசையை இடிப்பதற்குக் காவல் நிற்பதற்கு? அங்கெல்லாம் போலீசின் இஷ்டம்தான் சட்டம்.

2025 ஆகஸ்ட் 13ந் தேதி நள்ளிரவை நினைத்துப் பாருங்கள். சென்னை மாநகராட்சியின் 5, 6வது மண்டலத் துப்புரவுத் தொழிலாளர்கள், தனியாரிடம் தங்களைத் தள்ளிவிடாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஹைகோர்ட் உத்திரவைக் காட்டி, நள்ளிரவிலே தூக்கிக்கொண்டு போனார்கள். அடித்தார்கள் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். இல்லை என்று போலீஸ் சொல்லிற்று. இத்தனை போலீசார் சூழ்ந்து நின்ற இடத்தில் எது உண்மை என்று காட்டப் பதிவு இருந்திருக்க வேண்டாமா? தன் வாசலிலேயே, தன் தெருவைக் கூட்டிய பெண்களுக்கு நடந்ததைப் பற்றி, ஊரின் சபை அந்தப் பதிவைக் கொண்டுவந்து வை என்று கேட்டிருக்க வேண்டாமா?

சுப்ரீம் கோர்ட் போட்ட நாற்காலி

இங்கேதான் ஸ்தல ஸ்தாபனங்களின் விஷயத்துக்கு வருகிறோம். "போலீஸ் மாநில சர்க்கார் விவகாரம். கவுன்சிலருக்கும் மேயருக்கும் அதில் என்ன வேலை? தெருவிளக்கையும் சாக்கடையையும் பார்க்கட்டும்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். கவுன்சிலர்களில் பலரும் இதையே வேதவாக்காக நம்பித் தலையாட்டுகிறார்கள்.

அவர்களுக்கு ஒரு தீர்ப்பை ஞாபகப்படுத்துகிறோம். 2020 டிசம்பர் 2ந் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில், மூன்று நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்சு உத்திரவு போட்டது. நாட்டின் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், நடை, இன்ஸ்பெக்டர் அறை, சப்-இன்ஸ்பெக்டர் அறை என்று எதையும் விடாமல் கேமரா வேண்டும். இருட்டிலும் படம் தெரிய வேண்டும். பேச்சும் பதிய வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அத்தகைய கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. இது கேமராவால் கண்காணிக்கப்படும் இடம் என்றும், துன்பப்பட்டவருக்கு அந்தப் பதிவைக் காப்பாற்றி வைக்கச் சொல்லும் உரிமை உண்டு என்றும் ஸ்டேஷன் வாசலில் ஜனங்களின் மொழியில் எழுதி ஒட்ட வேண்டும்.

அதற்கு மேல் அந்தத் தீர்ப்பு செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஜில்லாதோறும் ஒரு கமிட்டி அமைக்கச் சொல்லிற்று. ரெவின்யூ அதிகாரி, கலெக்டர், போலீஸ் சூப்பரிண்டெண்ட் ஆகியோரோடு நாலாவது நாற்காலி ஒன்றும் போட்டது. அந்த நாற்காலி யாருக்கு? ஜில்லாவிலுள்ள ஒரு நகரசபையின் மேயருக்கு. கிராமப்புறமானால் ஜில்லா பஞ்சாயத்துத் தலைவருக்கு. சும்மா உட்கார்ந்து காப்பி குடிப்பதற்கு அல்ல. கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதாமாதம் மாநிலக் கமிட்டிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். வெளியே வராத மனித உரிமை மீறல் ஏதேனும் நடந்திருக்கிறதா என்று பதிவுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், லாக்கப்பின் பதிவைப் போட்டுக் காட்டு என்று கேட்கலாம், கேட்க வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதற்குப் பிறகும் "நமக்கென்ன வேலை?" என்று கேட்கிறவரை என்னவென்று அழைப்பது?

அந்தத் தீர்ப்புக்கு என்ன கதி நேர்ந்தது? 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தானாகவே மறுபடியும் இதைக் கையிலெடுக்க வேண்டியதாயிற்று. ராஜஸ்தானில் அந்த ஆண்டில் சில மாதங்களுக்குள் 11 பேர் போலீஸ் காவலில் மாண்டார்கள் என்ற பத்திரிகைச் செய்தியே அதற்குக் காரணம். தீர்ப்பு எழுதி ஐந்து வருஷமாகியும் கேமராக்கள் வேலை செய்கின்றனவா என்று கேட்க வேண்டிய நிலைமை! சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. அதை அமல் நடத்துகிற ஜனசக்தி இல்லாவிட்டால் காகிதம் செல்லரிக்கும்.

நமது பகுதியின் சிக்கல்

நமது மேற்குப் புறநகரில் இன்னொரு வேடிக்கை. அம்பத்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று அதன் 7வது மண்டலம். 2018ல் அம்பத்தூர் தாலுகா சென்னை ஜில்லாவுக்குப் போயிற்று. ஆனால் 2022 ஜனவரி முதல் அம்பத்தூர் ஸ்டேஷன்கள் ஆவடி போலீஸ் கமிஷனருக்குக் கீழே. ஆவடி 2019ல் மாநகராட்சியாயிற்று, ஜில்லாவோ திருவள்ளூர். பூந்தமல்லியும் திருவள்ளூர் ஜில்லா. போலீஸுக்கு ஆவடி கமிஷனர்.

அம்பத்தூர்க்காரனை ஸ்டேஷனில் அடித்தால் அவன் யாரிடம் போவான்? அவன் ஓட்டுப் போட்டது சென்னை மாநகராட்சிக்கு. அவன் கலெக்டர் சென்னை ஜில்லாக் கலெக்டர். அவனை அடித்தவர் ஆவடி கமிஷனரின் கீழே இருப்பவர். சென்னைக்காரர் "அது ஆவடி" என்பார். ஆவடிக்காரர் "நீ சென்னை ஜில்லா" என்பார். ஏழையின் மனு இரண்டு ஆபீஸுக்கும் நடுவே பாடி மேம்பாலத்தைச் சுற்றிச் சுற்றி வரும். இந்த எல்லைக் குழப்பத்தில் குளிர் காய்கிறவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

யார் யார் இங்கே வாழ்கிறார்கள் என்பதையும் பாருங்கள். எஸ்டேட் பட்டறைகளில் வேலை பார்க்கும் பிகார், ஒடிசாத் தொழிலாளிகள். அவர்களுக்கு ஸ்டேஷனில் பேசுகிற பாஷையே புரியாது. ராத்திரி முழுதும் சோறு சுமந்து வீடு வீடாக ஓடும் டெலிவரிப் பையன்கள். விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போகும் காய்கறிக்காரப் பெண்கள். இவர்களைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். காரிலே போகும் கனவானை நிறுத்தும்போது கேமராவும் மரியாதை பேசும். போலீஸும் மரியாதை பேசும்.

மூன்று ஆட்சேபணைகள்

நமது கோரிக்கைக்கு மூன்று ஆட்சேபணைகள் கிளம்பும். மூன்றையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது, "போலீசைக் கவனிக்கப் புகார்க் கமிட்டி ஏற்கெனவே இருக்கிறது" என்பார்கள். என்ன கமிட்டி? பிரகாஷ் சிங் வழக்கில் 2006லேயே சுப்ரீம் கோர்ட், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் சுதந்திரமான புகார் ஆணையம் வை என்றது. தமிழ்நாட்டில் 2013ல் சட்டம் போட்டார்கள். அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் யார்? உள்துறைச் செயலாளர். ஜில்லாவில் யார்? கலெக்டர்; பக்கத்திலே போலீஸ் சூப்பரிண்டெண்ட்! மாமியார் உடைத்த மண்சட்டியை மாமியாரே விசாரிக்கிற ஏற்பாடு இது.

இரண்டாவது, "பதிவை எல்லாருக்கும் காட்டினால் பெண்கள், குழந்தைகளின் மானம் என்னாவது?" என்பார்கள். இது நியாயமான கவலை. பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தை ஊருக்குக் காட்ட நாம் கேட்கவில்லை. அடிபட்டவரும் அவர் வக்கீலும், இறந்தவர் குடும்பமும், மேற்பார்வைக் கமிட்டியும் பார்க்க வேண்டும் என்றே கேட்கிறோம். மானத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை நாமும் ஒன்று கேட்கிறோம்: 2024 மே மாதம் தமிழ்நாடு போலீசின் முக அடையாளத் தளத்திலேயே திருடன் புகுந்தானே, அப்போது இந்த மானக் கவலை எங்கே போயிற்று? ஜனங்களின் முகத்தைச் சேர்த்து வைக்கும்போது வராத வெட்கம், போலீசின் கையைக் காட்டச் சொல்லும்போது மட்டும் வருகிறது.

மூன்றாவது, "போலீஸ்காரனும் ஏழைதானே, அவனைப் போய் இப்படி வேவு பார்க்கலாமா?" என்பார்கள். கான்ஸ்டேபிள் ஏழை வீட்டுப் பிள்ளைதான், நாம் மறுக்கவில்லை. எட்டு மணி நேர வேலை அவனுக்கு இல்லை. 1966ம் வருஷச் சட்டம் அவன் சங்கம் வைக்கும் உரிமையைக் கட்டிப் போட்டிருக்கிறது. அதனால்தான் சொல்கிறோம்: கேமராவைக் கான்ஸ்டேபிளின் மார்பில் மட்டும் மாட்டிவிட்டு, "தூக்கிட்டு வா", "கவனி" என்று அறைக்குள்ளிருந்து உத்திரவு போடும் அதிகாரியின் வாயைப் பதியாமல் விடுவது அநியாயம். பொய்ப் புகாரிலிருந்து நல்ல காவலரைக் காப்பாற்றப் போவதும் இதே முழுப் பதிவுதான். நேர்மையானவருக்குப் பயம் எதற்கு?

நாம் கேட்பது என்ன?

அமெரிக்காவிலே ஓக்லண்ட் நகரசபை 2018ல் ஒரு சட்டம் செய்தது. கண்காணிப்புக் கருவி வேண்டுமானால் போலீஸ் முதலில் நகரசபைக்கு வந்து, பகிரங்கக் கூட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும். வருஷாவருஷம் கணக்குச் சொல்ல வேண்டும். முதலாளித்துவ நாட்டிலே ஒரு ஊர்ச்சபை செய்ததை, ஜனநாயகம் பேசும் நமது சபைகள் கேட்கவாவது கூடாதா? நமது கோரிக்கைகள் இவை:

1. மார்புக் கேமராவை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்ற விதியைத் தமிழில் அச்சிட்டு ஸ்டேஷன் வாசலில் ஒட்டு. ஆவடி மாமன்றத்திலும், சென்னை மாமன்றத்திலும், பூந்தமல்லி நகரசபையிலும் வைத்து விவாதி.

2. வாகனச் சோதனை, கைது, விசாரணை, கூட்டம் கலைப்பு, குடிசை அகற்றல் ஆகியவற்றில் ஆரம்பம் முதல் கடைசி வரை கேமரா ஓட வேண்டும். பதிவு இல்லையென்றால், ஏன் இல்லை என்று சொல்லும் பொறுப்பு போலீசுடையது, புகார் செய்தவருடையதல்ல.

3. பதிவின் ஒரு பிரதி அன்றாடம் ஸ்டேஷனுக்கு வெளியே, கோர்ட்டின் பொறுப்பில் போய்ச் சேர வேண்டும். ஸ்டேஷன் கேமராவுக்குச் சொன்ன 18 மாதம் மார்புக் கேமராவுக்கும் வேண்டும். யார் பார்த்தார், யார் அழித்தார் என்பதற்கு அழிக்க முடியாத கணக்கு வேண்டும்.

4. பாதிக்கப்பட்டவர் கேட்ட ஒரு வாரத்துக்குள் இலவசமாகப் பதிவைக் காட்ட வேண்டும்.

5. ஆவடி போலீஸ் எல்லை முழுமைக்கும் ஒரே மேற்பார்வைக் கமிட்டி வேண்டும். அதில் ஆவடி மேயரும், அம்பத்தூர் மண்டலத்தின் பிரதிநிதியும், பூந்தமல்லி நகரசபைத் தலைவரும், பெண்கள், தொழிற்சங்கம், வக்கீல்கள் தரப்பினரும் உட்கார வேண்டும். எந்தத் தேதியில் கூடினார்கள், எந்தப் பதிவைப் பார்த்தார்கள் என்ற அறிக்கை மாதாமாதம் சபையில் வைக்கப்பட வேண்டும்.

6. சங்கக் கூட்டத்தையும் ஊர்வலத்தையும் படம் பிடித்து முகம் அடையாளம் தேடும் வேலைக்கு இந்தக் கேமராவை உபயோகிக்கக் கூடாது.

இதில் எது நடக்க முடியாதது? பணம் இல்லை என்று சொல்ல முடியாது; கேமரா வாங்கப் பணம் இருந்ததல்லவா? சட்டம் இடம் தராது என்று சொல்ல முடியாது. சுப்ரீம் கோர்ட் நாற்காலியே போட்டிருக்கிறது. இல்லாதது மனம்.

கண் நம்முடையதாக வேண்டும்

இந்தச் சென்னை ராஜதானியில் ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்களா என்று விசாரிக்க 1854ல் வெள்ளைக்காரனே ஒரு கமிஷன் வைத்தான். சித்திரவதை உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. அடிபட்டவன் பரிகாரம் தேட வழியற்றிருப்பதையும் சொல்லிற்று. காரல் மார்க்ஸ் 1857ல் நியூயார்க் பத்திரிகையில் இந்த அறிக்கையை எடுத்து உலகத்துக்குக் காட்டினார். அதற்குப் பின் 1859ல் போலீஸ் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, போலீஸ் வந்தது, யூனிபாரம் மாறிற்று, இப்போது கேமராவும் வந்திருக்கிறது. அடிபட்டவன் எங்கே போவான் என்ற கேள்வி மட்டும் 170 வருஷமாக அதே இடத்தில் நிற்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஊர் ஒன்று உண்டு. தருமபுரி ஜில்லா வாச்சாத்தி. 1992 ஜூன் 20ந் தேதி வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்தில் புகுந்து சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அங்கே ஒரு கேமராவும் இல்லை. அந்தப் பெண்களும், அவர்களோடு நின்ற மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் 19 வருஷம் விடாமல் போராடின. 2011 செப்டம்பரில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று கோர்ட் சொல்லிற்று. 2023 செப்டம்பரில் ஹைகோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. கேமரா இல்லாமலே ஜெயித்தார்கள். ஏன்? சாட்சி சொன்னவர்களின் பின்னால் ஒரு அமைப்பு நின்றது.

ஆகவே, தோழர்களே, கேமரா வந்துவிட்டது, நியாயம் தானாக வரும் என்று கைகட்டி உட்காராதீர்கள். ஒவ்வொரு வார்டிலும் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கவுன்சிலர் வீட்டு வாசலுக்குப் போங்கள். "அடுத்த கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டு வருகிறீர்களா, இல்லையா?" என்று கேளுங்கள். உங்கள் ஸ்டேஷன் வாசலில் சுப்ரீம் கோர்ட் சொன்ன அறிவிப்பு தமிழில் ஒட்டியிருக்கிறதா என்று நாலு பேராகப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால், எழுத்து மூலம் மகஜர் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் உழைப்பாளி, இரும்புத் தடுப்பைக் கண்டதும் நெஞ்சு படபடக்காமல் வண்டியை நிறுத்த வேண்டும். எதிரே நிற்பவரின் மார்பிலுள்ள கண் தன் ஊர்ச்சபைக்கும் பதில் சொல்ல வேண்டிய கண் என்ற தைரியம் அவனுக்கு வேண்டும். அந்தச் சாவியை யாரும் தாமாக நம் கையில் தரமாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டியது நாம்.